போட்டி விங் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். நான்கு வருடமாக பாராகிளைடிங் செய்கிறார், பெரும்பாலும் ஜுக்ரா மலையில். பறந்த கணக்கு 200 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. இப்போது வைத்திருப்பது இஎன் பி வகை விங், அதாவது ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஏ-வுக்கு அடுத்த வகையில் வரும் துணி இறக்கை. கோலாலம்பூரில் தெரிந்த ஒருவர் தன்னுடைய சிசிசி வகைப் போட்டி விங்கைப் புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தருவதாகச் சொல்கிறாராம். அதன் எடை வரம்பு 95 முதல் 110 கிலோ. தம்பியின் உடல் எடை 67. அடுத்த வருடம் இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் உள்ள பீர் என்ற ஊருக்குப் போய் ஒரு போட்டியில் இறங்க ஆசை. "200 மணி நேரம் போதாதா அண்ணே? எடை குறைவதற்குத் தண்ணீர் மாதிரி கூடுதல் பாரம், அதான் பாலாஸ்ட், வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்தானே?" என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. விலை நல்ல விலைதான். விற்பவர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 200 மணி நேரம் எந்தக் காற்றில் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள்.

ஜுக்ரா உங்களுக்குத் தெரியாததில்லை. பந்திங் தாண்டி, சுற்றிலும் செம்பனையும் ஆற்றோரச் சதுப்பும் கிடக்கும் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் சின்ன மலை. மதியத்துக்கு மேல் மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடல் காற்று, வழியில் தடை எதுவும் இல்லாமல் வந்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. தண்ணீர் மேல் வந்த காற்று என்பதால் பெரும்பாலும் சீராக இருக்கும். கேஎல்ஐஏ விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆக, மலை முகப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மாலை வரை போய் வரலாம். புறப்படுவது, நெரிசலில் மற்றவருக்கு வழி விடுவது, பக்கக் காற்றில் இறங்குவது எல்லாம் அங்கே நன்றாகப் படியும். விங் மடிவது மட்டும் அபூர்வம். வேகம் கூட்டக் காலால் மிதிக்கும் ஸ்பீட் பாரை முழுக்க மிதிக்க வேண்டிய அவசியமும் வராது. போட்டி விங்குக்கு முக்கியமாக வேண்டியவை அந்த இரண்டும்தான்.

அதனால் நான் கேட்கும் கணக்கு வேறு. உள்நாட்டு மலையில், உச்சி வெயிலில், தெர்மலுக்குள், அதாவது சூடாகி மேலே எழும் காற்றுக்குள், எத்தனை மணி நேரம்? பாதி விங் எதிர்பாராமல் மடிந்து, நீங்களே சரிசெய்து வெளியே வந்தது எத்தனை தடவை? ஆபத்தான நிலைகளை வேண்டுமென்றே உண்டாக்கிச் சரிசெய்து பழகும் எஸ்ஐவி பயிற்சியைத் தண்ணீருக்கு மேலே செய்து, ஃபுல் ஸ்டாலில், அதாவது பிரேக்கை முழுக்க இழுத்துத் தூக்கும் விசையை இழக்க வைத்து, விங்கைப் பின்னால் பறக்கும் நிலையில் பிடித்து வைத்து, பிறகு நேராக விட்டிருக்கிறீர்களா? கிராவட் ஆனால், அதாவது மடிந்த ஓரம் விங்கைப் பைலட்டோடு இணைக்கும் மெல்லிய கயிறுகளான லைன்களுக்குள் சிக்கிக்கொண்டால், எந்த லைனை இழுப்பது என்று யோசிக்காமல் கை போகுமா? இதற்கெல்லாம் பதில் "ஆமாம்" என்றால் 150 மணி நேரம் பறந்தவரோடுகூட இதைப் பற்றிப் பேசலாம். "இல்லை" என்றால் 500 மணி நேரம் இருந்தும் பயனில்லை.

இனி அந்த எழுத்துகள். ஏ, பி, சி, டி என்பதை நிறையப் பேர் வேகத்தின் படிக்கட்டாக நினைக்கிறார்கள். இஎன் 926-2 சோதனையில் முக்கியமாக அளக்கப்படுவது வேகம் இல்லை. அமைதியான காற்றில் சோதனை பைலட் ஒருவர் வேண்டுமென்றே விங்கை மடக்குகிறார், சுழற்றுகிறார், ஸ்டால் செய்கிறார். பைலட் கையை வைக்காமல் விட்டால் அது தானாக எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சாதுவாகத் திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். ஏ வகை விங் ஒரு பக்கம் மடிந்தால் 90 டிகிரி திரும்புவதற்குள் தானே விரிந்துவிட வேண்டும். மேலே போகப் போக அந்தச் சலுகை குறையும், பைலட் செய்ய வேண்டிய வேலை கூடும். சிசிசி இந்த வரிசையில் ஐந்தாவது எழுத்து இல்லை. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐயின் கீழ் பாராகிளைடிங்கைக் கவனிக்கும் குழுவான சிஐவிஎல், போட்டிகளுக்காகவே தனியாக வகுத்த பிரிவு அது. கட்டுமான வலிமையைச் சோதிக்கிறார்கள், சில பறப்புச் சோதனைகளும் உண்டு. ஆனால் சாதாரண பைலட்டை அது எவ்வளவு மன்னிக்கும் என்று சொல்வதற்காக வந்த முத்திரை அல்ல.

அந்தப் பிரிவு வந்ததற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 2009, 2010 வாக்கில் இரண்டே வரிசை லைன் கொண்ட விங்குகள் போட்டிகளைப் பிடித்துக்கொண்டன. லைன் குறைந்தால் காற்றுத் தடை குறையும், பார் மிதித்தாலும் கிளைடு, அதாவது இறங்கும் உயரத்துக்கு எவ்வளவு தூரம் முன்னால் போகிறது என்பது, கெடாமல் நிற்கும். அப்போது அந்த விங்குகளுக்குச் சான்றிதழ் தேவை இல்லை. 2011 ஜூலையில் ஸ்பெயின் நாட்டின் பியட்ராய்ட்டாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டு பைலட்டுகள் இறந்தார்கள். போட்டி பாதியில் நின்றது. சான்றிதழ் இல்லாத விங்குகளை சிஐவிஎல் தன் முதல்தரப் போட்டிகளிலிருந்து நிறுத்தி வைத்தது. சில வருட இழுபறிக்குப் பிறகு, பழைய சுதந்திரத்துக்கும் இஎன் டிக்கும் நடுவே ஒரு விதிமுறையாக சிசிசி வந்தது. அந்த 2011 போட்டியில் இருந்தவர்கள் தங்கள் நாட்டு அணியில் இடம்பிடித்து வந்தவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விங்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. பார் மிதிக்காமல் பறந்தால் உங்கள் பி விங்கும் அந்தப் போட்டி விங்கும் ஏறக்குறைய ஒரே வேகம், மணிக்கு 38 கிலோமீட்டர் பக்கம். வித்தியாசம் பாரில் இருக்கிறது. போட்டி விங் முழு பாரில் 60ஐத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, ஆனால் இயக்க ஆற்றல் இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது. அந்த நிலையில் முன்விளிம்பு மடிந்தால் வரும் அடியும் அதே கணக்கில்தான் வரும். பார் மிதிப்பது விங்கின் மூக்கைக் கீழே இறக்குவது என்பதால், மேலிருந்து காற்று அடித்து மடக்காமல் இருப்பதற்கான இடைவெளியும் சுருங்கிவிடுகிறது.

இதைப் பைலட் எப்படிச் சமாளிக்கிறார்? பிரேக்கால் இல்லை. பார் மிதித்திருக்கும்போது பிரேக் இழுத்தால் விங்கின் பின்விளிம்பு மட்டும் வளையும், அழுத்தம் பின்னால் போகும், மூக்கு இன்னும் பலவீனமாகும். அதனால் பின் ரைசரில், அதாவது பின்வரிசை லைன்களை இருக்கையோடு இணைக்கும் பட்டையில், இருக்கும் பி கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு பறக்கிறார்கள். இந்த பி விங்கின் வகை இல்லை, லைன் வரிசையின் பெயர். அதை லேசாக இழுத்தால் மொத்த விங்கும் மூக்கைத் தூக்கும். நல்ல பைலட்டின் கை அங்கே சும்மா தொங்காது. எப்போதும் சில கிலோ இழுவையோடு, காற்றுக்கு ஏற்ப விட்டும் பிடித்தும் இருக்கும். கிளைடில் போகும்போது அந்த இழுவை திடீரென்று ஒரு பக்கம் காணாமல் போகும், மோரிப்பில் தூண்டிலோடு மல்லுக்கட்டிய மீன் நழுவிப் போகிற மாதிரி. அந்தக் கணத்தில் கால் பாரை விட வேண்டும், கை பியை இழுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். தாமதமானால் மடியும். பதறி அதிகமாக இழுத்தால் ஸ்டால். "எவ்வளவு இழுப்பது?" என்று என்னைக் கேட்டால் சென்டிமீட்டரில் சொல்ல முடியாது. தெர்மல் காற்றில் பல மணி நேரம் பார் மிதித்துப் பறந்த கைக்குத்தான் அது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு லைன் விங்குகள் அடிக்கடி மடியாது. மூன்று வரிசை விங் வைத்திருப்பவர் ஏறி உட்கார்ந்தால் "அட, இது என்ன இவ்வளவு கெட்டியாக இருக்கிறது" என்பார். நானும் அதை மறுக்கவில்லை. முன்விளிம்பில் கம்பிகள் வைத்து இறுக்கி, செல் என்ற காற்றறைகளை நிறைய வைத்து அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் விங்கின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஏ வகையில் ஐந்துக்குப் பக்கத்தில் என்றால் சிசிசியில் ஏழரையைத் தாண்டுகிறது. மெலிந்து நீண்ட அந்த ஓரங்கள் ஒரு தடவை மடிந்து லைனுக்குள் மாட்டினால், உடனே சுழற்சி. பாதி ஒழுங்காக வந்து மறுபடி கெடும், அதிலிருந்து இன்னொன்று கிளம்பும். சும்மா இருந்தால் சரியாகிவிடும் என்ற கதை இங்கே நடக்காது. பெரும்பாலும் ஃபுல் ஸ்டால் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி, அதுவும் உயரம் இருந்தால். நீங்கள் முதல் தடவையாக அதைச் செய்யும் இடம் பீர் மலையாக இருக்கக் கூடாது.

எடைக்கு வருவோம். 67 கிலோ உடம்பு. போட்டி விங் ஒரு 6, 7 கிலோ, கால்களை மூடிப் படுத்துப் பறக்கும் இருக்கையான பாட் ஹார்னஸ் ஒரு 7, 8 கிலோ, இரண்டு ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், கருவிகள், தண்ணீர், உடை எல்லாம் சேர்த்தால் 90 கிலோவைத் தொடுவதே கஷ்டம். விங்கின் வரம்பு 95இல்தான் தொடங்குகிறது. போட்டிக்காரர்கள் வரம்பின் மேல் பகுதியில் பறப்பார்கள், ஏனென்றால் பாரம் இருந்தால்தான் விங் இறுக்கமாக நிற்கும், வேகமும் வரும். அங்கே போக உங்களுக்கு 15, 20 கிலோ தண்ணீர் வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடிப் பாருங்கள். காற்று இல்லாத காலையில் புறப்படும்போது கால் தடுமாறும். அவசரத்தில் ரிசர்வ் எறிந்தால் அதே பாரத்தோடுதான் தரையில் விழுவீர்கள். அந்த மொத்த எடையைத் தாங்கும் அளவில் ரிசர்வும் இருக்க வேண்டும். இஎன் 12491 தரம் ஒரு ரிசர்வுக்கு விநாடிக்கு 5.5 மீட்டர் இறக்கம் வரை அனுமதிப்பது, அதன் மேல் எழுதியிருக்கும் எடைக்குத்தான். பாலாஸ்ட் என்பது இரண்டு மூன்று கிலோவைச் சரிக்கட்ட. தப்பான சைஸை நியாயப்படுத்த இல்லை. வைக்காமல் 88 கிலோவில் பறந்தால் இன்னும் மோசம், விங் தளர்ந்து காற்றுக்கு எளிதாகச் சிக்கும். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்த விங்கைத் தள்ளிவிடுவேன்.

ஹார்னஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது உட்கார்ந்து பறக்கும் ஹார்னஸில் இருப்பவர் என்றால், போட்டி விங்கோடு படுத்துப் பறக்கும் பாட் ஹார்னஸும் சேர்ந்தே வரும். விங் ஒரு பக்கம் மடிந்து வேகமாகத் திரும்பும்போது, காலை நீட்டிப் படுத்திருக்கும் உடம்பு அதே வேகத்தில் திரும்பாது. ரைசர் முறுக்கிக்கொள்ளும், பிரேக் இறுகிப் போகும். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் பழைய விங்கிலேயே பாட் ஹார்னஸைப் பழகுங்கள். ரிசர்வ் கைப்பிடியைக் கண்ணால் பார்க்காமல் தொட முடிகிறதா என்று, ஒவ்வொரு முறை ஏறி உட்கார்ந்ததும் தடவிப் பாருங்கள்.

பழைய போட்டி விங் வாங்கும்போது துணியைத் தடவிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பிரச்சினை லைனில். காற்றுத் தடையைக் குறைக்க உறை இல்லாத, அராமிட் என்ற இழையால் ஆன மெல்லிய லைன் போடுகிறார்கள். அது நீளம் மாறாமல் நிற்கும், ஆனால் மடங்கி மடங்கி, வெயில் பட்டுப் பட்டு வலிமை குறையும். டைனீமா என்ற இன்னொரு இழையால் ஆன லைன் மடிப்பைத் தாங்கும், ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் சுருங்கும். பாரம் அதிகம் தாங்கும் முன்வரிசை நீள, குறைவாகத் தாங்கும் பின்வரிசை சுருங்க, விங் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்த மாதிரி ஆகிவிடும். வெளியே எதுவும் தெரியாது. புறப்படும்போது தலைக்கு மேல் வரத் தயங்கும், ஸ்டால் சீக்கிரம் வரும், ஸ்டாலிலிருந்து வெளியே வர மறுக்கும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் பள்ளி விங்கில் பொறுத்துப் போகும், இதில் போகாது. அதனால்தான் போட்டிக்காரர்கள் சீசனுக்குள்ளேயே லேசர் வைத்து லைனை அளந்து, மேயான் என்ற சின்ன இணைப்பு வளையத்தில் லைனை ஒரு சுற்றுச் சுற்றியோ, இருக்கும் சுற்றைப் பிரித்தோ சரிசெய்துகொண்டே இருக்கிறார்கள்.

நம் ஊர் சீதோஷ்ணம் இதற்கு உதவவில்லை. மூடாத கார் நிறுத்துமிடத்தில் மதியம் முழுக்க நிற்கும் காரின் பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்கள், கை வைக்க முடியாது. அதற்குள் முந்தின நாள் ஜுக்ராவில் கடல் ஈரத்தோடு மடித்த விங் கிடக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் துணியின் மேல்பூச்சு சிதையும், காற்று ஊடுருவத் தொடங்கும். அந்த விங் இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று விற்பவரைக் கேளுங்கள், வருத்தப்பட மாட்டார். லைன் அளவு அறிக்கை, துணியின் காற்று ஊடுருவல் அறிக்கை இரண்டும் இல்லை என்றால் விலையோடு ஒரு முழு லைன் செட்டையும், வெளிநாட்டில் சோதனைக்கு அனுப்பும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்ற மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

சரி, இவ்வளவும் சரியாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இங்கே அதை எங்கே பறப்பீர்கள்? கோலகுபு பாரு பக்கம் உள்ளே போனால் தெர்மல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் ஈரப்பதத்தில் மேகத்தின் அடி தாழ்வாகத்தான் நிற்கும். பிற்பகலில் இடிமழை வந்துவிடும். ஒரு தெர்மலிலிருந்து அடுத்ததுக்கு முழு பார் போட்டு நீண்ட கிளைடு போவதற்கு உயரமே கிடைக்காது. அந்த விங்கின் லாபம் முழுக்க நீண்ட கிளைடில்தான் இருக்கிறது. இறங்கும்போது அதே லாபம் தொல்லையாக மாறும். கிளைடு விகிதம் 11 என்றால், 15 மீட்டர் உயரத்திலிருந்து 165 மீட்டர் முன்னால் போகும், தரைக்குப் பக்கத்தில் இன்னும் மிதக்கும். செம்பனைக்கு நடுவே இருக்கும் சின்னத் திடலில் இறங்க அது எத்தனை தலைவலி என்று யோசியுங்கள். செம்பனை மட்டையின் முள்ளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போட்டிதான் ஆசை என்றால், நம் பக்கம் அதிகம் நடப்பது அக்யூரசி, குறியில் இறங்கும் போட்டி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பாராகிளைடிங் வந்தபோது குறுக்குநாட்டுப் பறப்போடு அதுவும் பதக்கப் பிரிவாக இருந்தது. தட்டின் நடுப்புள்ளியில் குதிகால் படுவதற்குப் பறக்கும் அந்த ஆட்டத்தில் உலகத்தரப் பைலட்டுகள் ஏறுவது ஏ, பி வகைச் சாதுவான விங்குகளில்தான். உங்கள் 200 மணி நேரம் அங்கே உண்மையான முதலீடு. அதைக் கீழான ஆட்டம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை தட்டைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பீர் போவது நல்ல திட்டம். அக்டோபரில் பீருக்கு மேலே இருக்கும் பில்லிங் புறப்பாட்டு இடத்திலிருந்து தௌலாதார் மலைத்தொடரை ஒட்டிப் பறப்பதற்கு ஆசியாவில் ஈடு குறைவு. 2015இல் உலகக் கோப்பைச் சுற்று நடந்த இடம் அது. போங்கள், உங்கள் பி விங்கோடு போங்கள். போட்டி நடத்துபவர்களிடம் சாதுவான விங்குகளுக்கான ஸ்போர்ட் வகுப்பு இருக்கிறதா என்று கேட்டு அதில் பதிவு செய்யுங்கள். விங்குக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் ஒரு எஸ்ஐவி. துருக்கியின் ஒலுடெனிஸில் 1,900 மீட்டருக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கடலுக்கு மேலே செய்கிறார்கள், தவறினால் யோசிக்க உயரம் உண்டு. இப்போதைய விங்கிலேயே செய்யுங்கள், ஃபுல் ஸ்டால் வரை. அப்புறம் ஒரு முழு சீசன், மலைக் காற்றில்.

அதன் பிறகும் ஆசை இருந்தால், 2022இலிருந்து இஎன் சி வகையிலேயே இரண்டு லைன் விங்குகள் வந்துவிட்டன. நிவியுக்கின் ஆர்ட்டிக் ஆர், ஓசோனின் ஃபோட்டான் மாதிரி. பி கைப்பிடியில் பறக்கும் வித்தையை அங்கே பழகலாம், தப்பு செய்தால் சிசிசி அளவுக்குத் தண்டிக்காது. அதுவும் பள்ளி விங் இல்லை, விளம்பரத்தில் போடும் "எல்லோருக்கும் ஏற்றது" என்பதை நம்பிவிடாதீர்கள். அதில் ஒரு சில சீசன் போனதும் இஎன் டி. சிசிசி பற்றி அப்போது, அதுவும் போட்டிகளில் தொடர்ந்து பறக்கிறீர்கள் என்றால் மட்டும், மறுபடி பேசலாம். வருடத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போகிறவருக்கு அந்த விங் எப்போதுமே தேவைப்படாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வார இறுதியில் ஒன்று செய்யுங்கள். பறக்கப் போகும் முழுச் சாமானோடு, தண்ணீர் பாட்டில் உட்பட, தராசில் ஏறி நின்று எடை பாருங்கள். மளிகைக் கடைத் தராசாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த எண்ணையும் உங்கள் ரிசர்வ் மேல் எழுதியிருக்கும் எடை வரம்பையும், கடைசியாக அதைப் பிரித்து மடித்த தேதியையும் எழுதி அனுப்புங்கள். சி விங்கில் உங்களுக்கு எந்த சைஸ் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.